மொட்டு-1 பெயரில் வந்த பதினேழு கட்டுரைகள்

அக்கா எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மொத்தம் நாற்பத்தொன்று. அதில் பதினேழில் மொட்டு இருக்கிறாள்.

யாருக்கு அக்கா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அந்தப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வாசல் காவலாளி முதல் துறைத் தலைவர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஆரம்பத்தில் உலகத்தில் ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் அவர் அக்கா. அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் மொட்டு. அக்காவை விட ஆறு வயது சின்னவள். பேருந்து நிலையத்தில் வண்டி நேரம் அறிவிக்கும் வேலை. ஒலிபெருக்கி கெட்டுப்போன நாளிலும் யாரும் வண்டியைத் தவறவிட்டதில்லை, அப்படி ஒரு குரல். வேலை முடிந்ததும் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து, செல் வளர்க்கும் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கத்துவாள்.

"அக்கா! நீ சாப்பிட்டியா, இல்ல உன் செல்லுங்களுக்கு மட்டும் ஊட்டி விட்டுட்டு உக்காந்திருக்கியா?"

தாழ்வாரமே சிரிக்கும். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அந்தக் கட்டிடம் முழுக்க அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மொட்டுவுக்கு முப்பத்தொரு வயதில் வயிறு உப்ப ஆரம்பித்தது. வீட்டில் இரண்டாவது குழந்தை என்று சந்தோஷப்பட்டார்கள். முதல் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. குழந்தை இல்லை. சினைப்பையில் புற்று. கண்டுபிடித்தபோதே அது வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அக்கா பத்து வருடமாக அந்த நோயைத்தான் படித்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவருக்கு மருத்துவர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வயிற்றில் சேர்ந்த, புற்றுச் செல்கள் மிதக்கும் நீரை ஊசி வைத்து இறக்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் மொட்டு கேட்டாள்.

"எவ்ளோ வந்துச்சு?"

"மூணு லிட்டர்."

"அடிப்பாவி! ஒரு தோட்டத்துக்கே பாய்ச்சலாமே. என்ன பண்ணப் போறாங்க அத?"

"கொட்டிடுவாங்க."

"ஏன் கொட்டணும்? உனக்கு இந்த மாதிரி தண்ணிதானே வேணும்னு நாயா பேயா அலைஞ்சே? எடுத்துக்கோ. எங்க கையெழுத்து போடணும்?" போட்டாள். போட்டுவிட்டு விரலை ஆட்டினாள். "ஆனா ஒண்ணு. என்னைப் பட்டினி போட்டே, அவ்வளவுதான் நீ!"

நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த புற்றுச் செல்கள் கண்ணாடிக் குடுவையில் தானாக வளர ஆரம்பித்தால், அந்தச் செல்வரிசைக்கு ஒரு பெயர் வைப்பார்கள். அந்தச் செல்கள் பிரிந்து பிரிந்து, நோயாளி போன பிறகும் வருடக்கணக்கில் வாழும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கி, அதன் மேல் மருந்தைச் சோதித்துப் பார்க்கலாம். நோயாளியின் சொந்தப் பெயரை வைக்கக் கூடாது என்பது விதி. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர் அக்காவிடம் ஒன்று இருந்தது. குடுவையின் மேல் கறுப்பு மையில் எழுதினார்: மொட்டு-1.

சோம்பேறிச் செல்கள் அவை. மற்ற செல்கள் ஒரு நாளில் இரண்டாகும் என்றால் இவை ஐந்து நாள் எடுத்துக்கொண்டன. குடுவை நிறைந்ததும் அதைப் பிரித்து இரண்டு குடுவைகளில் போடுவார்கள். அப்படி ஒவ்வொரு முறை பிரிப்பதற்கும் பெயர் பாசேஜ். பாசேஜ் மூன்றில் இரண்டு குப்பிகளை எடுத்து உறைய வைத்தார் அக்கா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மொட்டு தினமும் விசாரிப்பாள்.

"என்னக்கா, எப்படி இருக்கேன் நான்?"

"மெதுவாத்தான் வளர்றே."

"இங்க என் வயித்துல ஓடு ஓடுன்னு ஓடுது, அங்க போய் மெதுவாவா? என்ன ஓரவஞ்சனை பாரு!"

பாசேஜ் எட்டின்போது மொட்டு செத்துப்போனாள்.

எல்லாம் முடிந்த நான்காம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. காவலாளி எழுந்து நின்று, "இன்னிக்கு எதுக்கு அக்கா வந்தீங்க?" என்றார். செல்களுக்கு உணவு மாற்ற வேண்டும், நாலு நாளாக யாரும் தொடவில்லை என்றார் அக்கா. மீடியம் என்று ஒரு திரவம். இளஞ்சிவப்பாக இருக்கும். அதில்தான் செல்கள் வாழும், அதைத்தான் உண்ணும். பழையதாகிவிட்டால் மஞ்சளாகும். மொட்டு-1 குடுவை அன்று வெளிறிய மஞ்சள் நிறத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் நுண்ணோக்கியில் கண் வைத்தவர், வைத்தபடியே நின்றுவிட்டார். குடுவை நிறைந்திருந்தது. ஐந்து நாள் எடுத்த இடத்தில் ஒரே நாளில். வேகமாக, அடர்த்தியாக, சுவர் முழுக்க அப்பிக்கொண்டு. நோட்டுப் புத்தகத்தில் அன்றைய தேதியின் கீழே எண்கள் எதுவும் இல்லை. ஒரே ஒரு சொல், அதைச் சுற்றி ஒரு வட்டம்: "பிடிச்சுக்கிட்டா!"

செல்கள் குடுவையில் நிலைத்து வளர ஆரம்பித்தால் அந்த ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிடிச்சுக்கிச்சு என்பார்கள். அக்கா மட்டும் பிடிச்சுக்கிட்டா என்று எழுதினார். பிடிவாதக்காரி ஆயிற்றே, செத்தும் விடவில்லை பார் என்று அறையில் தனியாக நின்று அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்த பத்தொன்பது வருடத்தின் கதையைச் சொல்ல அதிகம் இல்லை, அத்தனையும் அந்தக் குடுவைக்குள்தான் நடந்தது. ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடைத்துவிட்டால் மொட்டு-1 செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்று அக்கா கண்டுபிடித்தார். அந்தக் கட்டுரையை மற்ற விஞ்ஞானிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் வேறு யாருடைய கட்டுரையும் நூறைத் தொட்டதில்லை. குப்பிகள் கண்டம் கண்டமாகப் போயின. வெளிநாட்டு மாநாடுகளில் வாய்க்கு வந்தபடி "மோட்டூ ஒன், மோட்டூ ஒன்" என்று சொல்வார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கும்போது அக்காவுக்கு உடம்பு சிலிர்க்கும். ஊர் எல்லையைத் தாண்டாதவள் இப்போது எங்கெல்லாம் போகிறாள் பார்!

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், குடுவைகளை இளஞ்சூட்டில் வைக்கும் பெட்டியைக் காட்டி, "இன்குபேட்டரை யார் பாத்துப்பாங்க?" என்பார். விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

மொட்டுவின் மகள் வருடத்துக்கு ஒருமுறை, அம்மா இறந்த தேதியில் வருவாள். முதல் தடவை வந்தபோது ஏழு வயது. முக்காலியின் மேல் ஏற்றி நிறுத்தி, நுண்ணோக்கியைக் கண்ணுக்குச் சரிசெய்து கொடுத்தார் அக்கா.

"அம்மா எங்க பெரியம்மா?"

"இதோ, ஓரத்துல மினுங்குது பாரு, நீளமா."

குழந்தை வாயைப் பிளந்தது. "நிறைய அம்மாவா இருக்காங்களே!" கொஞ்ச நேரம் கழித்து, "இதுல எது என்னைப் பாக்குது?"

அக்கா அறையை விட்டு வெளியே போய்விட்டுத்தான் திரும்பி வந்தார்.

அவள் வளர்ந்து, கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவளாக வேலைக்குச் சேர்ந்த பிறகும் வருவது நிற்கவில்லை. உள்ளே வந்ததும், "அம்மா எப்படி இருக்காங்க?" என்பாள். "ஜம்முனு இருக்கா" என்பார் அக்கா. அவள் குனிந்து பார்ப்பாள். ஐந்து நிமிடம். பிறகு இருவரும் வெளியே போய் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் பிரிவார்கள். மொட்டுவைப் பற்றி வேறு எதுவும் பேசிக்கொண்டதே இல்லை. பேச என்ன இருக்கிறது, அதான் நேரிலேயே பார்த்துவிட்டார்களே.

போன வருடம் ஒரு கடிதம் வந்தது. கடல் தாண்டிய ஒரு மருத்துவக் குழு. அக்கா கண்டுபிடித்த அந்தப் புரதத்தை அடைக்க மருந்து தயாராகிவிட்டது, சினைப்பைப் புற்று முற்றிய நாற்பது பெண்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறோம், நான்கு மாதத்தில் முதல் நோயாளிக்கு ஊசி. ஒப்பிட்டுப் பார்க்க மொட்டு-1 இரண்டு குப்பி அனுப்ப முடியுமா? கூடவே, செல்கள் அந்த நோயாளியுடையவைதான் என்பதற்கான மரபணு அடையாள அறிக்கையும் வேண்டும்.

கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். நாற்பது பெண்கள்! மொட்டுவின் தண்ணீரிலிருந்து நாற்பது பெண்களுக்கு மருந்து.

அந்த அறிக்கை மட்டும்தான் அவரிடம் இல்லை. இந்தத் துறையில் எல்லாரும் பல வருடமாகச் செய்யும் சோதனை அது. ஒரு செல் இன்னொன்றோடு கலந்துபோவது எங்கும் நடக்கிற விபத்து என்பதால், வருடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்கள். அக்கா மற்ற எல்லாச் செல்களையும் சோதித்தார். மொட்டு-1 குடுவையை மட்டும் அனுப்பியதே இல்லை. கேட்டால், "என் தங்கச்சிய அடையாளம் காட்ட எனக்கு மெஷின் வேணுமா?" என்பார். அதற்கு மேல் யார் பேசுவார்கள்?

ஒப்பிட மொட்டுவின் ரத்தம் எதுவும் மிச்சமில்லை. மகள்தான் இருந்தாள். பஞ்சு சுற்றிய குச்சியோடு அவள் கடைக்கே போனார் அக்கா.

"வாயைத் திற."

"எதுக்கு பெரியம்மா?"

"உன் அம்மாதான்னு எழுதிக் கொடுக்கணுமாம்."

"பத்தொன்பது வருஷம் கழிச்சு ஆதாரம் கேக்கறாங்களா? நல்லா இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. மரபணுவில் பதினாறு இடங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்கள். மகளின் இரண்டு எண்களில் ஒன்று அம்மாவிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க முடியும், எனவே பதினாறு இடத்திலும் குறைந்தது ஒரு எண்ணாவது ஒத்துப்போக வேண்டும். புற்றுச் செல் என்பதால் ஒன்றிரண்டு தவறலாம். இங்கே ஒன்பது இடங்களில் ஒரு எண்கூட ஒத்துப்போகவில்லை. அறிக்கையின் கீழே இன்னொரு வரி. இந்தச் செல்கள் வேறொரு பழைய செல்வரிசையோடு முழுமையாக ஒத்துப்போகின்றன. சினைப்பையில் வந்ததல்ல, வேறு உறுப்பில் வந்த புற்று; எந்த ஆய்வுக்கூடத்தில் தேடினாலும் கிடைக்கும் செல் அது. களைபோல வளரக்கூடியது. அக்காவின் அறையிலும், பக்கத்துத் தட்டிலேயே, எப்போதும் இருந்தது.

குச்சி மாறியிருக்கும் என்றார் அக்கா. மறுபடி அனுப்பினார். அதே முடிவு வந்தது.

செல்களை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆய்வுக்கூடத்தில் ஐஸ்காரர் என்று பெயர். தடித்த கையுறை போட்டு, புகை பொங்கும் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, இருபது வருடத்துக் குப்பியையும் நிமிடத்தில் எடுத்துவிடுவார். அக்கா அவரிடம் போய் நின்றார்.

"மொட்டு பழைய குப்பி எல்லாம் வேணும்."

"எல்லாமா? என்ன அக்கா, குடும்ப போட்டோவா எடுக்கப் போறீங்க?" என்றவர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கையுறையை எடுத்து மாட்டினார்.

பாசேஜ் அறுபதை எடுத்தார்கள். அது மொட்டு இல்லை. முப்பத்தொன்றை எடுத்தார்கள், இல்லை. பன்னிரண்டு. அதுவும் இல்லை. வருடங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளி, கிணற்றில் இறங்குவதுபோல இறங்கினார் அக்கா. அடியில் இருந்தது பாசேஜ் மூன்று. உறைய வைத்த இரண்டு குப்பிகளில் ஒன்று எப்போதோ உடைந்துவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதில் பாதியைச் சோதனைக்கு அனுப்பினார். மீதியைக் குடுவையில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தார்.

முடிவு வந்தது. பதினாறு இடத்திலும் ஒத்துப்போயிருந்தது. மொட்டுவேதான்.

அக்கா ஓடினார். ஐம்பத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, தாழ்வாரத்தில் ஓடினார். குடுவையை நுண்ணோக்கியில் வைத்தார். செல்கள் அடியில் ஒட்டவில்லை, உருண்டையாக மிதந்தன. ஒரு வாரம் பார்த்தார். மீடியத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார், சூட்டைச் சரிபார்த்தார், ஐஸ்காரர் கேட்டால் "சோம்பேறி, அவ எப்பவும் லேட்டுதான்" என்றார். இரண்டு வாரம் ஆனது. ஒன்றுகூட ஒட்டவில்லை. எல்லாம் எப்போதோ செத்திருந்தன.

"அக்கா, விட்டுடுங்க. பாவம்" என்றார் ஐஸ்காரர். செல்லைச் சொன்னாரா அக்காவைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பழைய நோட்டுப் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. பாசேஜ் மூன்றில் மொட்டு, பன்னிரண்டில் மொட்டு இல்லை. இடையில் எங்கே என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டே போனார். அவர் எழுத்துதான், பக்கம் பக்கமாக, நேர்த்தியாக. பாசேஜ் எட்டில் மட்டும் எழுத்து சரிந்திருந்தது. எல்லாம் முடிந்த நான்காம் நாள்.

"மொட்டுக்கும் பக்கத்துத் தட்டுக்கும் மீடியம் மாத்தினேன். ஒரே பாட்டில்தான் இருந்தது."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஒரு செல்லுக்கு ஒரு பாட்டில், ஒன்றில் தொட்ட குழாயை இன்னொன்றில் விடக் கூடாது. அந்த அறையின் சுவரில் அந்த விதியை எழுதி ஒட்டியவரே அக்காதான். அன்று கண் தெரியாமல் அழுதுகொண்டு, பட்டினி கிடக்கிறாளே என்று பதறிக்கொண்டு, முதலில் பக்கத்துத் தட்டுக்கு ஊற்றி, அதே குழாயால் மொட்டுவுக்கும் ஊற்றியிருக்கிறார். ஒரு சொட்டு போதும். ஒற்றைச் செல் போதும். வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதை மூன்று வாரத்தில் தின்றுவிடும்.

அதிலிருந்து இரண்டு பக்கம் தள்ளி, வட்டமிட்ட அந்தச் சொல் இருந்தது. பிடிச்சுக்கிட்டா!

மொட்டு மொத்தமாக இல்லாமல் போன நாள் அதுதான். அந்த நாளைத்தான் அக்கா பத்தொன்பது வருடமாகத் தன் வாழ்க்கையின் நல்ல நாள் என்று வைத்திருந்தார்.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. அக்காவிடமிருந்து அறிக்கையை வாங்கி இரண்டு தடவை படித்தார், கதவைச் சாத்தினார், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அக்கா, ஒரு திருத்தம் போட்டுடலாம். சின்னதா. 'செல்வரிசையின் பெயரில் பிழை' அப்படின்னு. புற்றுச் செல்லு புற்றுச் செல்லுதானே? முடிவு ஒண்ணும் பொய் இல்லையே."

"சினைப்பைப் புற்றுன்னு சொல்லியிருக்கேன். இது அது இல்ல. நாப்பது பேருக்கு ஊசி போடப் போறாங்க."

"அவங்களுக்குத் தனியா ஒரு லெட்டர் போட்டுச் சொல்லிடுங்க. கட்டுரைய ஏன் வாபஸ் வாங்கணும்? பதினேழு, அக்கா! ஆறுல என் பேரும் இருக்கு. வாபஸ்னு சிவப்புல அடிச்சுட்டா உங்க பேரைத் தேடுறவனுக்கு முதல்ல அதான் தெரியும். இன்னும் பதினாலு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. எதுக்கு இந்தத் தலையெழுத்து?"

"அந்த அறுநூத்திப் பன்னெண்டு பேரும் அதை நம்பி மேல மேல கட்டிட்டு இருக்காங்கப்பா."

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "யோசிச்சு சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல. யோசிங்க."

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள். நாலு நாள் தள்ளிப்போட்டார் அக்கா. ஐந்தாம் நாள் கண்ணாடிக் கடைக்குப் போனார். மகள் அவரைப் பார்வை சோதிக்கும் நாற்காலியில் உட்காரச் சொன்னாள்; கடையில் உட்கார வேறு இடம் கிடையாது. எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகள். அவற்றைப் பார்த்துக்கொண்டே அக்கா எல்லாவற்றையும் சொன்னார். எண்கள், குப்பிகள், நான்காம் நாள், ஒரே பாட்டில்.

மகள் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நான் இத்தனை வருஷமா யாரைப் பாத்துட்டு வந்தேன்?"

அக்கா மெல்ல, "அதுவும் யாரோ ஒரு பொம்பளையோடதுதான்டா. அவங்களும் என்னிக்கோ செத்துப்போனவங்க. அவங்களுக்கும் பிள்ளைங்க…"

"வேணாம் பெரியம்மா." அவள் குரல் உயரவில்லை. "அப்படி எதையாவது சொல்லி என்னைத் தேத்தாதீங்க. பரீட்சை வர்ற வருஷமெல்லாம் நான் அதுகிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். வேலை கிடைச்சதையும் அதுகிட்டதான் சொன்னேன். உங்களுக்குத் தெரியாம, வாய்க்குள்ள."

"என் தப்புதான்டா. அன்னிக்கு நான் வராம இருந்திருந்தா…"

"வராம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"பட்டினியில செத்திருக்கும்."

"வந்ததால?"

வெளியே ஒரு வாடிக்கையாளர் கதவைத் தட்டினார். மகள் எழுந்து போய், முகத்தை மாற்றிக்கொண்டு, "வாங்க சார், என்ன பவர்?" என்றாள். அவர் போகும் வரை அக்கா காத்திருந்தார். அதற்குப் பிறகும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலையே அக்கா ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். முதலில் கடல் தாண்டிய குழுவுக்கு எழுதினார். பிறகு பத்திரிகைகளுக்கு. கட்டுரையைத் திரும்பப் பெறும் படிவத்தில் 'பிழைக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் எல்லாரும் 'அறியப்படாத கலப்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அக்கா தேதியைப் போட்டார். யார் செய்தது என்று தன் பெயரைப் போட்டார். இரண்டு செல்வரிசைகளுக்கு ஒரே பாட்டிலும் ஒரே குழாயும் பயன்படுத்தப்பட்டன என்று எழுதினார். செய்தவர் அன்று வேலைக்கு வந்திருக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார், அழித்தார், மறுபடி சேர்த்தார். பதினேழு படிவங்கள். தலைவர் மறுநாள் வந்து ஆறில் கையெழுத்துப் போட்டார். போகும்போது கதவருகில் நின்று, "அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்களேன் அக்கா" என்றார். அக்கா எடுக்கவில்லை.

குழுவின் பதில் இரண்டு வரி. சோதனையை நிறுத்திவிட்டோம். உங்கள் நேர்மைக்கு நன்றி. அந்த நாற்பது பெண்களிடம் யார் போய் என்ன சொன்னார்கள் என்று அதில் இல்லை. முற்றிய நோயோடு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், ஒரு மருந்து வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தவர்கள். அவர்களில் யாராவது ஒருத்திக்கு முப்பத்தொரு வயது இருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த மருந்து அவளைக் காப்பாற்றியிருக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் மனசு ஆறவில்லை.

சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. திட்டியும் சிலர் எழுதினார்கள். ஐந்து வருடம் இதன் மேல் வேலை செய்தேன், என் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று முகம் தெரியாத ஒரு மாணவர் எழுதிய கடிதத்தை அக்கா மேசையிலேயே வைத்திருந்தார். எல்லாருக்கும் பதில் போட்டார். குடுவைகளில் பிளீச் ஊற்றும் வேலையை ஐஸ்காரரே செய்தார். "நீங்க வெளிய இருங்க அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றார். இளஞ்சிவப்பு நிறம் வெளுத்து வெள்ளையானது. பட்டியலில் இப்போது இருபத்து நான்கு கட்டுரைகள். அவற்றை யாரும் பெரிதாக மேற்கோள் காட்டுவதில்லை.

மகளிடமிருந்து இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் தேதி வந்தது, போனது. அக்கா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தானாக அடிக்கத் துணிவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுடா."

"நான் சின்னதுல அடம்பிடிச்சா அம்மா என்ன பண்ணுவாங்க? அடிப்பாங்களா?"

அக்கா யோசித்துப் பார்த்தார். பதினேழு கட்டுரைகளின் அட்டவணைகள் மனப்பாடமாக இருந்தன, எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் என்று தூக்கத்திலும் சொல்வார். தங்கை தன் குழந்தையை எப்படி அதட்டுவாள் என்பது ஞாபகத்தில் இல்லை. பத்தொன்பது வருடமாக அதைத் தேட வேண்டிய தேவையே வந்ததில்லை.

"தெரியலடா" என்றார். "சத்தியமா ஞாபகம் வரல."



"எனக்கும் எதுவும் ஞாபகம் இல்ல பெரியம்மா. அதான் கேட்டேன். சரி, வந்தா சொல்லுங்க."

மூன்று நாள் ஆனது. பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது, யாருடைய குழந்தையோ சீட்டில் புரண்டு அழுதுகொண்டிருந்தபோது, சட்டென்று வந்தது. அக்கா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினார். சாலை ஓரத்தில் நின்று, வண்டிகளின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"அடிக்க மாட்டா! நீ தரையில விழுந்து அழுவியா, அவளும் உன் பக்கத்துல விழுந்து அழுவா. பொய்யா. உன்னைவிடச் சத்தமா. தெருவே எட்டிப் பாக்கும். உனக்கு பயமாயிடும். உன் அழுகைய மறந்துட்டு எழுந்து, அவ கண்ணைத் துடைச்சு விடுவே."

"நானா?"

"நீதான். ரெண்டு கையாலயும். அங்க துடைக்க ஒரு சொட்டு தண்ணி இருக்காது. ஆனா துடைச்சு விடுவே."

மகள் அழ ஆரம்பித்தாள். அக்கா காதில் போனை அழுத்திக்கொண்டு, அது நிற்கும் வரை அங்கேயே நின்றார்.